தேவபூமியைக் காத்தது தேவர்களா? ஒரு விதவையா?

நம் நாட்டில் மலை சரிந்தாலும், ஆறு பெருகி ஊரை அடித்துக்கொண்டு போனாலும், அது எதனால் நேர்ந்தது என்று கேட்பதற்கு முன்பாகவே "எல்லாம் ஆண்டவன் செயல்" என்று பதில் சொல்லி முடித்துவிடுவது வெகுகால வழக்கமாக இருந்து வருகின்றது. அப்படிச் சொல்லிவிட்டால் ஆராய்ச்சிக்கு வேலையில்லை. குற்றவாளியைத் தேட வேண்டியதில்லை. நஷ்டஈடு கொடுக்க வேண்டியவன் தப்பித்துக் கொள்ளலாம். புரோகிதனுக்கும் ஒரு சாந்தி ஹோமம் கிடைக்கும். ஆகவே இந்தப் பதில் செத்தவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் சௌகரியமான பதிலாகும்.

இந்தச் சௌகரியமான பதிலோடு நின்றுவிடாமல், தன் கண்ணால் கண்டதையும் தன் புத்தியில் பட்டதையும் கொண்டு காரியம் செய்த ஒரு ஸ்திரீயைப் பற்றி இன்று எழுதப் புகுகின்றோம். அந்த அம்மையார் பெரிய படிப்புப் படித்தவரல்லர், பள்ளிக்கூடத்தையே கண்டவரல்லர். மேல்ஜாதியில் பிறந்தவருமல்லர், போட்டியா என்று சொல்லப்படும் மலைப் பழங்குடியைச் சேர்ந்தவர். போதாக்குறைக்கு அவர் ஒரு விதவை. அவர்தான் இமயமலையில், உத்தராகண்டத்தில், சமோலி ஜில்லாவைச் சேர்ந்த ரேணி கிராமத்துக் கௌரா தேவி. முப்பத்து முக்கோடி தேவர்களும் வாசம் செய்வதாகச் சொல்லி "தேவபூமி" என்று பட்டம் சூட்டப்பட்டிருக்கும் அந்த மலைநாட்டில், காடு வெட்டப்படுகின்ற சமயத்தில் எழுந்து வந்த தேவி இந்த ஒரு தேவிதான் என்பதை வாசகர்கள் கவனிக்கக் கோருகின்றோம்.

அவர் 1925ஆம் ஆண்டில் லாத்தா என்ற மலைக்கிராமத்தில் பிறந்தார். பன்னிரண்டாம் வயதிலேயே பக்கத்து ரேணி கிராமத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்தின் ஜீவனம் கொஞ்சம் பயிர்ச்செலவும் கம்பளி வியாபாரமுந்தான். இருபத்திரண்டாம் வயதில் புருஷன் இறந்துபோனான். கையில் ஒரு சிறு ஆண்குழந்தை. அன்று முதல் நிலம், மாடு, விறகு, குழந்தை எல்லாம் அந்த ஒரு பெண்பிள்ளையின் தலைமேல் விழுந்தன. பிறகு 1962ஆம் வருஷத்துச் சீன யுத்தத்தோடு திபேத்து எல்லை மூடப்பட்டுவிட்டபடியால், அந்த ஜனங்கள் தலைமுறை தலைமுறையாய்ச் செய்துவந்த எல்லை வியாபாரமும் ஒழிந்தது. மிஞ்சியது கொஞ்சம் சரிவு நிலமும் அதற்கு மேலே இருந்த காடும் மாத்திரமே.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகின்றோம். நமது சாஸ்திரங்களும் அவற்றை வைத்துப் பிழைப்பவர்களும் விதவையைப் பற்றிச் சொல்லியிருப்பது என்ன? அவள் எதிரே வந்தால் சகுனத் தடை. கல்யாணப் பந்தலில் கால் வைத்தால் அமங்கலம். நல்ல காரியம் எதிலும் முன்னே நிற்கக்கூடாது என்பதல்லவா? ஆனால் ரேணி கிராமத்துப் பெண்கள் தங்கள் மகளிர் சங்கத்திற்குத் தலைவியாக யாரை வைத்தார்கள் என்றால், இந்த விதவையைத்தான் வைத்தார்கள். அந்த "அமங்கலி" முன்னே நின்றபடியால்தான் அந்த மலையில் ஒரு காரியம் மங்கலமாக முடிந்தது. சகுனம் பார்க்கின்ற சிகாமணிகள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள் என்று கேட்கின்றோம்.

நிற்க, அந்த மலைக்கு என்ன ஆபத்து வந்தது என்பதைச் சற்று விளக்குவோம். இமயமலை பூமி சாஸ்திரத்தின்படி வயதில் இளைய மலை. இன்னும் நொறுங்கிக்கொண்டும் அசைந்துகொண்டும் இருக்கின்ற மலை. பூகம்பமும் அங்கே அடிக்கடி உண்டு. அப்பேர்ப்பட்ட சரிவில் மண்ணைப் பிடித்துக் கொண்டிருப்பது மரங்களின் வேர். மழை மண்ணில் நேரே அறையாதபடி தாங்கிக்கொள்வது இலைகள். விழுந்த தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் ஊற்றாய் விடுவது அடியில் மக்கிக் கிடக்கும் சருகு. மரத்தை மொட்டையடித்தால் மழைத்தண்ணீர் மண்ணையும் கல்லையும் இழுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கும். ஆற்றின் படுகை மேடாகும். தண்ணீர் ஊருக்குள் புகும். இதில் மந்திரமுமில்லை, மாயமுமில்லை.

வெள்ளைக்காரன் காலத்திலேயே ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடுகின்ற கட்டைகளுக்காக இமயமலைத் தேவதாரு மரங்கள் ஏராளமாக வெட்டப்பட்டன. "தேவதாரு" என்றால் தேவர்களுடைய மரம் என்று அர்த்தம் சொல்லுவார்கள். தேவர்களுடைய மரத்தைக் கோடாலி கொண்டு வெட்டி, ஆற்றில் மிதக்கவிட்டு, சமவெளிக்குக் கொண்டுவந்து, ரயிலுக்கு அடியில் போட்டு நசுக்கியபோது எந்தத் தேவனாவது வந்து "இது என்னுடைய மரம்" என்று உரிமை கொண்டாடினானா? வெள்ளைக்காரன் போன பிறகும் சர்க்கார் மரத்தை ஏலம் போடுவதும், சமவெளிக் கான்ட்ராக்டர்கள் வெட்டுவதும் நிற்கவில்லை. மலைமேல் இருப்பவனுக்கு விறகுக்கும் ஏருக்கும் ஆயிரம் நிபந்தனை. கீழே இருக்கும் முதலாளிக்கு ஏலச்சீட்டு. இதுதான் காட்டு நிர்வாகமாக இருந்தது.

இதன் பலன் 1970ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் தெரிந்தது. அலகநந்தா ஆறு என்றுமில்லாதபடி பெருகி, வீடுகளையும் பாலங்களையும் சாலையில் நின்ற பஸ்களையும் அடித்துக்கொண்டு போயிற்று. அது கொண்டுபோன வண்டல் வெகுதூரம் கீழே ஹரித்துவாரத்துக்கு அப்பால் உள்ள கங்கைக் கால்வாயையும் அடைத்துவிட்டது. வழக்கம்போல் கங்கையம்மன் கோபமென்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நிவாரண வேலைக்குப் போன கோபேஷ்வர் ஊர்த் தொண்டர்கள், எந்தெந்தச் சரிவு மொட்டையடிக்கப்பட்டிருந்ததோ அங்கிருந்துதான் மண் அதிகமாய் இறங்கியிருக்கின்றது என்று கண்டு சொன்னார்கள்.

இவர்களுக்கு முன்நின்ற சண்டிப் பிரசாத் பட் என்பவர் 1934இல் பிறந்தவர். கோயில் பூசாரிக் குடும்பத்தார். ஆனால் அவர் மணியாட்டிப் பிழைக்காமல் பஸ் கம்பெனியில் டிக்கெட்டு குமாஸ்தாவாய் இருந்து, பிறகு அதையும் விட்டு, 1964இல் கூலிக்காரர்களைச் சேர்த்து ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்படுத்தி, அவர்களோடு சேர்ந்து பாடுபட்டவர். பிறப்பினால் ஒருவரை வெறுப்பதும் போற்றுவதும் நமது கொள்கையல்ல. குலத்தொழிலை உதறிவிட்டுப் பாட்டாளிகளோடு நின்றவரை நாம் தாராளமாகப் பாராட்டுகின்றோம்.

1973ஆம் வருஷத்தில் இந்தச் சங்கத்தார் ஏர் நுகத்தடி முதலான உழவுச் சாமான் செய்வதற்குக் கொஞ்சம் மரம் கேட்டபோது காட்டு இலாகா மறுத்துவிட்டது. ஆனால் அதே ஜாதி மரங்களை அலகாபாத்திலிருந்த ஒரு விளையாட்டுச் சாமான் கம்பெனிக்கு வெட்ட அனுமதி கொடுத்தது. உழுகிறவனுக்கு நுகத்தடி கிடையாது, பந்தாடுகிறவனுக்கு மட்டை உண்டு என்றால், இதைவிட ஒரு ராஜ்யத்தின் யோக்கியதைக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? அப்போதுதான் "வெட்ட வந்தால் மரத்தைக் கட்டிக்கொள்வோம்" என்று ஜனங்கள் கிளம்பினார்கள். ஏப்ரல் மாதத்தில் மண்டல் என்ற இடத்தில் கம்பெனி ஆட்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். கட்டிக்கொள் என்று பொருள்படும் "சிப்கோ" என்ற சொல் அங்கிருந்துதான் உலகமெங்கும் பரவிற்று.

அடுத்தபடியாக 1974இல் ரேணிக் காட்டில் ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு மரங்களை ஏலம் விட்டார்கள். மரத்தைத் தடுப்பார்கள் என்ற பயத்தினாலோ என்னவோ, மார்ச்சு 26ந் தேதி வெகு விசேஷமான ஒரு காரியம் நடந்தது. யுத்தத்தை ஒட்டிச் சர்க்கார் எடுத்துக்கொண்ட நிலங்களுக்கு, வருஷக்கணக்காய்க் கொடுபடாமல் கிடந்த நஷ்டஈட்டை அன்றைய தினம் சமோலியில் கொடுப்பதாகச் சொல்லி ஊர் ஆண்பிள்ளைகளையெல்லாம் அங்கே வரவழைத்துவிட்டார்கள். தொண்டர்களும் ஊரில் இல்லை. ஆண்கள் போய்விட்டால் ஊரே காலி என்பது அதிகாரிகளுடைய கணக்கு. பெண்ணை ஒரு ஆளாகவே எண்ணாத நமது மனுதர்மப் புத்திக்கு இந்தக் கணக்கு சரியாகவேதான் தோன்றியிருக்கும்.

ஆனால் கணக்கு தப்பிற்று. மரம் வெட்டும் ஆட்கள் காட்டுப் பக்கம் போவதைக் கண்ட ஒரு சிறு பெண் ஓடிவந்து கௌரா தேவியிடம் சொன்னாள். அவர் ஆண்கள் வரட்டும் என்று காத்திருக்கவில்லை, நல்ல நேரம் பார்க்கவில்லை, சாமியிடம் பூக்கேட்கவுமில்லை. வீடு வீடாய்ப் போய்க் கூப்பிட்டு, பெண்களும் சிறுமிகளுமாக இருபத்தேழு பேரைச் சேர்த்துக்கொண்டு காட்டுக்கு நடந்தார். வெட்ட வந்த கூலிகளும் ஏழைகளே ஆனபடியால் முதலில் அவர்களிடம் நயமாகவே எடுத்துச் சொன்னார்கள். "இந்தக் காடு எங்கள் தாய்வீடு, இதை வெட்டினால் மலை எங்கள் தலைமேல் விழும்" என்பதே அவர்கள் சொன்னதன் கருத்து. குடிவெறியிலிருந்த ஒருவன் துப்பாக்கியை நீட்டினான். கௌரா தேவி, முதலில் என்னைச் சுடு, பிறகு மரத்தை வெட்டு என்று மார்பைக் காட்டி நின்றார். இரவெல்லாம் அந்தப் பெண்கள் காவலிருந்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். ஆண்கள் ஊர் வந்து சேர்ந்தபோது காரியம் முடிந்திருந்தது.

இதற்குப் பிறகு சர்க்கார் நிபுணர்களைக் கொண்ட ஒரு கமிட்டியை வைத்தது. டில்லித் தாவர சாஸ்திரியான வீரேந்திர குமார் என்பவர் தலைமையிலிருந்த அந்தக் கமிட்டி, அம்மலை மரம் வெட்டத் தகாத மலை என்று அறிக்கை கொடுத்தது. அதன்பேரில் ரேணியிலும் அலகநந்தாவின் மேல்பகுதியில் சுமார் 1,200 சதுர கிலோமீட்டரிலும் பத்து வருஷத்துக்கு வெட்டு நிறுத்தப்பட்டது. 1980இல், ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மலைகளில் பச்சை மரங்களை வியாபாரத்துக்காக வெட்டுவது பதினைந்து வருஷத்துக்குத் தடுக்கப்பட்டது. எழுத்தறியாத பெண்கள் 1974இல் சொன்னதைப் பட்டம் பெற்றவர்கள் அளந்து பார்த்து ஆமென்றார்கள். பகுத்தறிவு என்பது பள்ளிக்கூடத்துச் சொத்தல்ல, கண்ணையும் காதையும் மூளையையும் உபயோகப்படுத்துகின்ற யாருக்கும் அது உண்டு என்று நாம் சொல்லி வருவதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

இங்கே வைதீக நண்பர்கள் ஒரு ஆட்சேபம் கிளப்புவார்கள். "அந்தப் பெண்கள் பக்தியுள்ளவர்கள்தானே? பிறகு 1977இல் அத்வானிக் காட்டில் மரங்களுக்கு ராக்கிக் கயிறு கட்டிப் பாகவதமும் வாசித்தார்களே! ஆகவே காட்டைக் காத்தது மதமல்லவா?" என்பார்கள். கயிறு கட்டியது உண்மை, நாம் மறைக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. கயிற்றை மாத்திரம் கட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தால் கோடாலி நின்றிருக்குமா? மண்டலிலும் ரேணியிலும் கயிறில்லாமலே மரம் பிழைத்ததே, அது எப்படி? மரத்தைக் காத்தது மரத்துக்கும் கோடாலிக்கும் நடுவே நின்ற மனித உடம்பு. வேலை செய்தவள் பெண். பெயர் வாங்குவது கயிறா? அன்றியும் "தாய்வீடு" என்று சொன்னது மதமுமல்ல. கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்ணுக்குக் கஷ்டகாலத்தில் விறகும் புல்லும் தானியமும் கேட்காமல் கிடைக்கின்ற ஒரே இடம் தாய்வீடு. அதை உள்ளபடி சொன்னார்கள். இதில் வேதாந்தம் தேடுவானேன்?

தெய்வ நம்பிக்கை அந்த மலைக்குச் செய்த உபகாரத்தைக் காண வேண்டுமானால் 2013ஆம் வருஷத்தைப் பார்ப்போம். அலகநந்தாவில் ஒரு மின்சார அணைக்காகத் தாரி தேவி என்ற அம்மன் சிலையை ஜூன் 16ந் தேதி மாலை இருந்த இடத்தைவிட்டு எடுத்தார்கள். அன்றிரவும் மறுநாள் காலையிலும் கேதார்நாத்தில் வெள்ளம் வந்து பல ஆயிரம் பேர் மாண்டார்கள். உடனே "அம்மன் கோபம்" என்று பிரசாரம் கிளம்பிற்று. படித்தவர்களும் பதவியிலிருந்தவர்களுங்கூட அப்படிப் பேசினார்கள். தோழர்களே, சிலையை எடுத்தவன் கான்ட்ராக்டர். உத்தரவு கொடுத்தவன் அதிகாரி. அவர்களை விட்டுவிட்டு, வெகுதூரத்துக்கு அப்பால் தன்னைப் போன்ற இன்னொரு சாமியைக் கும்பிட வந்த கிழவன் கிழவிகளையும் குழந்தைகளையும் ஒரு அம்மன் கொல்லுவாளானால், அவளுக்குப் பக்தர்கள் வேண்டுமா, போலீசு வேண்டுமா? பெருமழையும், பனியாற்றின் ஓரத்திலிருந்த சோராபாரி ஏரி உடைந்ததும், ஆற்றுப் படுகையிலேயே கடைகளும் விடுதிகளும் கட்டியதும் காரணம் என்று சொன்னால் கட்டியவனும் கட்ட அனுமதித்தவனும் பதில் சொல்ல வேண்டியதாகும். அம்மன் கோபமென்றால் யாரும் பதில் சொல்ல வேண்டாம்.

கோயில் மாத்திரம் இடியாமல் நின்றதே என்பார்கள். பின்னால் உருண்டுவந்த ஒரு பாறை வெள்ளத்தைப் பிரித்துவிட்டபடியால் கோயில் தப்பிற்று. இப்போது அந்தப் பாறைக்கும் "பீமசிலை" என்று பெயரிட்டுக் கும்பிடுகின்றார்கள். தன் வீட்டை மாத்திரம் காத்துக்கொண்டு வந்த விருந்தாளிகளையெல்லாம் சாகவிட்டவனை மனிதர்களில் நாம் என்னவென்று சொல்லுவோம்?

அதே மலைநாட்டில் அறிவு செய்த காரியம் ஒன்றும் உண்டு. 1893இல் மலை சரிந்து பிர்ஹி ஆற்றை அடைத்து கோஹ்னா என்ற பெரிய ஏரி உண்டாயிற்று. அன்றைய என்ஜினீயர்கள், தண்ணீர் எப்போது வழியும் என்று கணக்கிட்டு, ஏரியிலிருந்து ஹரித்துவாரம் வரையில் தந்திக் கம்பி போட்டு, கரையோர ஜனங்களை முன்னதாகவே அப்புறப்படுத்தினார்கள். 1894 ஆகஸ்டில் ஏரி உடைந்து, கீழேயிருந்த ஸ்ரீநகர் பட்டணமே அழிந்தது. ஆனால் உயிர்ச்சேதம் எவ்வளவு? வெளியேற்றப்பட்ட பிறகும் திரும்பிப் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்ட ஒரு பக்கிரியின் குடும்பம் மாத்திரமே! தந்திக் கம்பியையும் தெய்வ நம்பிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறுத்துப் பார்க்க இதைவிட நல்ல தராசு கிடையாது.

கௌரா தேவியின் சங்கதிக்கு வருவோம். அவர் 1991இல் காலமானார். அவர் பெயரில் உதவித்தொகைத் திட்டம் வைத்தார்கள், சிலை வைத்தார்கள். ஆனால் அவருடைய ஜனங்களுக்குச் செய்தது என்ன? 1982இல் மேலேயிருந்த நந்தாதேவி மலைப்பிரதேசத்தைத் தேசியப் பூங்காவாக்கி, ஆடு மேய்க்கவும் பச்சிலை பறிக்கவும் போகக்கூடாதென்று காத்தவர்களையே வெளியே நிறுத்தினார்கள். காட்டைக் கான்ட்ராக்டரிடமிருந்து காத்தவனுக்கு அந்தக் காட்டுக்குள் போக உரிமையில்லையாம்! ஆனால் அதே ரேணிக்கு அடியில் ரிஷிகங்கையில் மின்சார நிலையம் கட்டலாமாம், வெடி வைக்கலாமாம். ஊரார் ஆட்சேபித்தார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள்.

2021 பிப்ரவரி 7ந் தேதி ரோண்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியுமாகச் சுமார் 2 கோடியே 70 லட்சம் கன மீட்டர் பெயர்ந்து விழுந்து, அந்த மின்சார நிலையத்தைத் துடைத்துக்கொண்டு போய், தபோவன் அணையையும் தகர்த்தது. இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போனார்கள். அவர்களில் மிகப்பெரும்பாலோர் அந்த வேலைகளில் இருந்தவர்கள். பலர் சுரங்கத்தில் அகப்பட்டுக்கொண்டவர்கள். உண்மையைச் சொன்னால், அவ்வளவு பெரிய பாறைச்சரிவை எந்தக் காடும் தடுத்திருக்காது. மரம் எல்லாவற்றையும் காக்கும் என்று சொன்னால் அதுவும் ஒரு மூடநம்பிக்கையாகிவிடும். ஆனால் அப்பேர்ப்பட்ட மலையின் காலடியில், ஒரு அபாய மணிகூட இல்லாமல், கூலிக்காரனைச் சுரங்கத்தில் இறக்கியது யார்? அது விதியா, மனிதன் செய்த முடிவா?

அந்த வருஷம் ஜூன் மாதத்தில் ரேணியில் நிலம் இறங்கி, சாலை உடைந்து, கௌரா தேவியின் சிலையையே பெயர்த்து வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அவர் கேட்டது சிலை அல்ல. காலடியில் மண் நிற்க வேண்டும் என்பதே. மண்ணைக் கைவிட்டுவிட்டுச் சிலையை வைத்தார்கள்; மண்ணோடு சிலையும் இடம் பெயர்ந்தது.

இதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? ஆதிசங்கரர் மடம் ஏற்படுத்தியதாகச் சொல்லப்படும் ஜோஷிமடம் என்ற ஊர் பழைய மலைச்சரிவின் மேல் இருப்பது. அங்கே வெடி வைக்காதே, மரம் வெட்டாதே, பெருங்கட்டடம் கட்டாதே என்று மிஸ்ரா கமிட்டி 1976இலேயே எச்சரித்தது. யாரும் கேட்கவில்லை. 2023 ஜனவரியில் எண்ணூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் வெடித்துப் பிளந்தன. ஒரு அம்மன் கோயிலும் இடிந்து விழுந்தது. பத்ரி, கேதார் முதலான நான்கு க்ஷேத்திரங்களுக்கு யாத்திரைக்காரர் சுகமாகப் போவதற்காக 889 கிலோமீட்டர் சாலையை அகலப்படுத்த 2016இல் ஆரம்பித்தார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஒரே சாலையானால் சுற்றுப்புற ஆராய்ச்சி வேண்டுமென்பதால் அதை 53 துண்டாக்கிக் கொண்டார்கள். சாமியைப் பார்க்கப் போகிறவர்களுக்காகச் சாமியின் மலையையே வெட்டி, சட்டத்தையும் துண்டு துண்டாய் வெட்டியிருக்கின்றார்கள். 2023இல் காட்டுச் சட்டத்தைத் திருத்தி, நாட்டின் எல்லைக்கு நூறு கிலோமீட்டருக்குள் தேசமுக்கியமென்று சொல்லப்படும் சாலை முதலான வேலைகளுக்குக் காட்டுச் சட்ட அனுமதி வேண்டாம் என்றுமாக்கினார்கள். ரேணியும் அந்த நூறு கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றது.

ஆகவே தோழர்களே! கௌரா தேவியின் வாழ்வை ஒரு புண்ணிய கதையாகப் படித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வதால் ஒரு மரமும் பிழைக்காது. அவரை இன்னொரு அம்மனாக்கிவிடுவது, அவர் கேட்ட கேள்வியை அடக்கிவிடுவதற்குச் செய்யும் தந்திரமேயாகும். அவர் கேட்ட கேள்வி, "இந்த மலைமேல் வாழ்கின்ற எங்களைக் கேட்காமல் இதை ஏலம் விட நீ யார்?" என்பதுதான். காட்டில் வாழ்கின்றவர்களுக்குத் தங்கள் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் உரிமை உண்டென்று 2006ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகின்றது. அந்த உரிமை ஏட்டில் இருக்கின்றதா, ஊரில் இருக்கின்றதா என்று கேட்பதே அவருக்குச் செய்யும் மரியாதை. அதிலும் அந்த ஊர்ச்சபையில் பெண்கள், விதவைகள், கீழ்ஜாதி என்று ஒதுக்கப்பட்டவர்கள் வாய் திறந்து பேச இடமிருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். ஏனெனில் சுமை தூக்கி மலையேறுகிறவளுக்குத்தான் எந்தச் சரிவு நழுவுகின்றது என்று முதலில் தெரியும்.

இனி எங்கேயாவது மலை சரிந்தது என்று கேள்விப்பட்டால் பஞ்சாங்கத்தைப் புரட்டாதீர்கள். மேலே மரம் வெட்டியது யார், கீழே வெடி வைத்தது யார், எச்சரிக்கையைப் பெட்டியில் போட்டுப் பூட்டியது யார், லாபம் போனது யார் வீட்டுக்கு என்று கேளுங்கள். இந்த நான்கு கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால், கடவுளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டிய அவசியமே யாருக்கும் இராது.